நொண்டாமல் நடந்தவனுக்கு

இன்று காலை தையல் நூல் தேடி மருந்து அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். நூல் கிடைக்கவில்லை, உன் சாக்ஸ் பைதான் கையில் வந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சாக்ஸ். வெள்ளை, நீலம், ஒன்றிரண்டில் ரோஜாப்பூ போட்டது. திண்டிவனம் கடைத்தெருவில் ஜோடி தொலைந்துபோன சாக்ஸாகப் பார்த்து மொத்தமாக அள்ளி வருவாய். "நாய்க்கு ஒத்தக் காலுக்குத்தான வேணும், ஜோடி எதுக்கு?" என்று பேரம் வேறு பேசுவாய். கடைக்காரர் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாராம், நீயே வந்து சொல்லிச் சிரிப்பாய். பையைப் பிரித்ததும் ஸ்பிரிட்டும் ரப்பர் கையுறை மாவும் கலந்த வாசனை வந்தது. அது உன் வாசனை. ஐம்பத்து மூன்று வயசுக்காரி, அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் எழுந்து முகம் கழுவினேன். வெளியே ஏழுமலை என்பவர் காத்துக்கொண்டிருந்தார். கண்டமங்கலத்துக்காரர், புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அவருடைய நாய் பிரவுனி மேல் கார் மோதித் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவது என் வேலை. அது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். வலி தெரியாமல் காலை மரக்க வைக்கிற உன் வேலையை யார் செய்வது என்பதுதான் நேற்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது.

நீ இறந்த பிறகு உன் மருந்துக் கலவையை நான் தொடவேயில்லை. காலை மரக்க வைக்கிற சாதாரண ஊசியோடு நிறுத்திக்கொண்டேன். காலையில் போட்டால் அது மத்தியானம் தாண்டி விட்டுவிடும். சாயங்காலம் நாய்கள் முனகத் தொடங்கும். மாத்திரை கொடுப்பேன், ஊசி போடுவேன், எதுவும் உன் கை வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் ராத்திரி வரைக்கும் ஒரு காலை மரக்க வைத்துவிட்டு, அந்தக் காலுக்குக் காவல் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. மரத்துப்போன ஒரு காலால்தான் நான் உன்னைத் தொலைத்தேன். ஊரில் இருக்கிற அத்தனை நாய்களின் காலையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டவன், உன் காலை மட்டும் பார்க்காமல் விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "மவுத்தானவங்க மேல கோவப்படக் கூடாதுக்கா" என்று உன் மனைவி ஜரீனா சொல்கிறாள். நான் படுவேன். இந்த மடலும் பாதி கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

காலேஜில் ஒன்றாகப் படித்தோம். நான் இங்கே கிளினிக் வைத்தேன், நீ வளைகுடாவுக்குப் போனாய். கோட்டக்குப்பத்தில் உங்கள் தெருவில் எல்லாரும் போனார்கள், கடை வைத்தார்கள், மாடி வீடு கட்டினார்கள். நீ மட்டும் அங்கே ஒரு கால்நடை மருத்துவமனையில் பணக்காரர்களின் நாய்களுக்கு மயக்கம் கொடுக்கிற வேலையைக் கற்றுக்கொண்டு, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாய். "எல்லாரும் தங்கம் எடுத்துக்கினு வந்தாங்க, இவன் நாய்க்கு ஊசி போடற பொட்டி எடுத்துக்கினு வந்திருக்கான்" என்று உங்கள் அண்ணன் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். நீ பிரியாணியை விட்டுத் தலை நிமிரவேயில்லை.

அந்தப் பெட்டி நரம்பைத் தேடுகிற பெட்டி. நாய் மயக்கத்தில் இருக்கும். தொடைக்கு முன்னால் ஒரு நரம்பு, இடுப்புக்குப் பின்னால் ஒரு நரம்பு. அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்லிவிட்டு ஊசியை உள்ளே விடுவாய். ஊசி முனையில் துளி மின்சாரம் ஓடும். நரம்புக்குக் கிட்டே போனதும் நாயின் பாதம் சின்னதாகத் துள்ளும். "தோ, கூப்புடறான் பாரு" என்பாய். அந்த இடத்தில் மருந்தை விட்டால் கால் முழுக்க மரத்துப்போகும். கத்தி வைத்தாலும் நாயின் மூச்சு மாறாது. அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கேறிவிடும்.

மயக்கம் தெளிந்த பிறகும் கால் மரத்தே இருக்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். மரக்க வைக்கிற மருந்தோடு, நாயை அமைதிப்படுத்தக் கொடுக்கிற இன்னொரு மருந்திலிருந்து துளியூண்டு சேர்ப்பாய். அந்தத் துளி சேர்ந்தால் மரப்பு மத்தியானத்தைத் தாண்டி, சாயங்காலத்தைத் தாண்டி, நாய் சாப்பிட்டுத் தூங்கும் வரைக்கும் நிற்கும். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு முன்னால் நீ நாயைவிட நாயோடு வந்தவரைத்தான் அதிகம் விசாரிப்பாய். எந்த ஊரு, எதுல வந்தீங்க, எங்க எறங்கி எங்க ஏறணும், வீட்டுல யாரு இருக்காங்க. பெண் பார்க்க வந்தவன் மாதிரி கேட்பாய். நான் கையுறை போட்டுக்கொண்டு கையைத் தூக்கியபடி நிற்பேன்.

"யோவ், ஜாதகம் பாத்து முடிச்சாச்சுன்னா கத்திய எடுக்கலாமா?"

"இருப்பா. கெடார் போறவங்களுக்கு விழுப்புரத்துல பஸ்ஸு மாறணும். பஸ் ஸ்டாண்டுல நாய மடியில போட்டுக்கினு உக்காந்திருக்கறப்பவா வலி வரணும்? வூட்டுக்குப் போயி, கஞ்சி குடிச்சி, மாத்திர வேல செய்ய ஆரம்பிச்ச பெறகு மெதுவா வரட்டும்."

மருந்துப் புத்தகத்தில் எடைக்கு இவ்வளவு என்றுதான் போட்டிருக்கும். நீ அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே கெடாருக்கு ஒரு கணக்கு, பொம்மையார்பாளையத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தாய். எனக்கு அப்போது அது பேஜாராக இருந்தது. இப்போது நாய் கொண்டுவருகிறவர்களிடம் நானும் பஸ் ரூட்டு கேட்கிறேன்.

கெடார் தேவகியையும் அவள் நாய் மணியையும் நினைத்துக்கொண்டேன். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை தின்ன வருகிற பன்றிகளைத் துரத்தப் போன மணியை பைக் அடித்துவிட்டது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கலவை அருமையாக வேலை செய்தது. மரத்த பாதத்தைத் தரையில் இழுத்து நகம் தேய்ந்துபோகாமல் இருக்க நீ ரோஜாப்பூ சாக்ஸ் மாட்டிவிட்டாய். தேவகி, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குதே பாய் டாக்டரே!" என்று சிரித்துக்கொண்டே நாயைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை கிளினிக் திறக்குமுன் அவள் வாசலில் நின்றாள். மணியின் தொடையில், முடி மழித்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

"காலு ஜில்லுனு கெடந்துச்சு சார், அசைக்கவே இல்ல. ரத்தம் ஓடலியோன்னு பயந்துட்டேன். உப்ப வறுத்து துணியில கட்டி ஒத்தடம் குடுத்தேன். அது பாட்டுக்குக் கண்ண மூடிக்கினு படுத்திருந்துச்சு. ஐயோ, சொகமா இருக்குதாட்டம் கீதுன்னு இன்னும் கொஞ்சம் சூடா குடுத்தேனே!"

அடிபட்ட காலுக்கு ஒத்தடம் கொடுக்காமல் விடுகிற வீடு நம் பக்கத்தில் உண்டா? அவள் செய்தது பாசத்தில் செய்தது. சூடு பட்டால் நாய் காலை இழுத்துக்கொள்ளும், கத்தும், அதை வைத்துத்தான் நாம் கையை எடுப்போம். மணி இழுக்கவில்லை. இழுக்க முடியாதபடிதான் நீ மருந்து போட்டிருந்தாய். தேவகி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொப்புளத்தைச் சுற்றி விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்போது உன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"வலிய நாம எடுத்துட்டோம். அதுதான அந்தக் காலுக்கு வாட்ச்மேன்? வாட்ச்மேன அனுப்பிட்டா அந்த எடத்துல நாமதான உக்காரணும்."

வேறு யாராவது என்றால் அந்தத் துளி மருந்தை விட்டிருப்பார்கள். நீ விடவில்லை. நாயை வீட்டுக்கு அனுப்புவதைத்தான் விட்டாய். அதிலிருந்து கால் தன்னுணர்வுக்கு வரும்வரை எந்த நாயும் கிளினிக் வாசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டாய். தரையில் சாக்கு விரித்து நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். அவ்வப்போது கால்விரல் இடுக்கில் நகத்தால் கிள்ளுவாய். நாய் அசையாது. தொழுகைக்கு நேரமானால் மல்லிகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு போவாய், வந்ததும் முதல் கேள்வி, "இழுத்துச்சா?"

கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கி, நாயைப் பிடித்து, ஊசி கழுவி எல்லாம் செய்கிற மல்லிகாவே சலித்துக்கொள்வாள். நாய்க்காரர்கள் கேட்கவே வேண்டாம். "வலிக்கலல்ல பாய், நாங்க கெளம்பறோம்" என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். "வலிக்கலன்னாதாங்க எனக்குப் பயமே, கொஞ்சம் உக்காருங்க" என்பாய். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பாய். உனக்கும் ஒரு டீ, சர்க்கரை போட்டு.

அந்தச் சர்க்கரையைப் பற்றி நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! உனக்கு சுகர் இருந்தது எனக்குத் தெரியும், ஜரீனாவுக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். "பாதிதாம்பா போடச் சொன்னேன்" என்பாய். ஒரு நாள் மாடிப்படி இறங்கும்போது, "தரை எல்லாம் பஞ்சு போட்ட மாதிரி இருக்குது, மகாராஜா நடக்கற மாதிரி நடக்கறேன்" என்று சிரித்தாய். டாக்டரைப் பார் என்றேன். பார்க்கிறேன் என்றாய். நீ பார்க்கவில்லை.

அப்புறம் அந்த நாள். ஒரு லாப்ரடார் நாய்க்கு முழங்கால் ஆபரேஷன். கதவைச் சாத்தியதும் அறையில் ஒரு நாற்றம். சீழ் நாற்றம். உடம்பில் எங்கோ புண் இருக்கிற நாய்க்கு எலும்பு ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதைப் புரட்டிப் பார்த்தேன், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன், வாலைத் தூக்கிப் பார்த்தேன். மல்லிகா ஒவ்வொரு நகக்கண்ணாகப் பார்த்தாள். நாய் சுத்தமாக இருந்தது. நீ தலைமாட்டில் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நாய விடுப்பா," என்றாய். "அது நானு."

ஸ்டூலில் உட்கார்ந்து வலது செருப்பைக் கழற்றினாய். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, பெருவிரலே நுழைகிற மாதிரி ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. செருப்புக்குள் ஒரு ஜல்லிக்கல் மாட்டியிருந்ததாம். மல்லாட்டைப் பருப்பு அளவு கல். அதை மிதித்துக்கொண்டு கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே வந்து, நாள் முழுக்க நின்று, திரும்பிப் போயிருக்கிறாய். தொழுகைக்குக் கால் கழுவும்போதுதான் தண்ணீரில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாய். பார்த்த பிறகாவது மனுஷ டாக்டரிடம் போனாயா? நம் அலமாரியிலிருந்து நாய்க்குப் போடுகிற களிம்பை எடுத்து அப்பி, நாய்க்குச் சுற்றுகிற பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு தினமும் வேலைக்கு வந்தாய். மாட்டு டாக்டர்கள் எல்லாருக்குமே இந்தப் புத்தி உண்டு. நமக்குக் காய்ச்சல் வந்தால் மாட்டு மாத்திரையை எத்தனை துண்டாக உடைக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்போம்.

"ஏன்யா சொல்லல?" என்று கத்தினேன்.

"வலிக்கலப்பா. சின்னதா இருந்துச்சு, ஆறிடும்னு நெனச்சேன்."

நீயா இதைச் சொன்னாய்? வலிக்கவில்லை என்று எந்த நாய்க்காரன் சொன்னாலும் அவனைப் பிடித்து உட்கார வைத்தவன் நீ. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தட்டைத் தரையில் போட்டேன். திருகாணியெல்லாம் அறை முழுக்க உருண்டு ஓடின. மல்லிகா அழ ஆரம்பித்தாள். நீ இன்னும் ஊசி போடவில்லை என்பதால் நாயைத் திருப்பி அனுப்பினோம். உன்னைக் காரில் உட்கார வைத்துப் புதுச்சேரிக்கு ஓட்டினேன். வழி நெடுக உன்னைத் திட்டினேன். நீ ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நாத்தம் அடிக்குதில்ல, சாரி" என்றாய். அதற்குப் பிறகு என்னால் திட்ட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் உன்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டார். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நீ ஒரு தடவைகூடத் தெரிகிறது என்று சொல்லவில்லை. நான் கட்டில் ஓரமாக நின்றுகொண்டு, ஒரு தடவையாவது இழுத்துக்கொள், ஒரு தடவையாவது ஆ என்று கத்து என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். வலியைப் போக்குவதற்கே படித்த நாம், வலி வராதா என்று ஏங்கிக்கொண்டு நின்றோம். இரண்டு காலும் மரம்.

முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் ஒரு காலைப்பொழுதில், விஷம் மேலே ஏறுகிறது, இனிமேல் காத்திருக்க முடியாது என்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் உனக்கு வலித்தது. இல்லாத பாதம் வலித்தது. "கட்டை விரல யாரோ முறுக்கற மாதிரி இருக்குதுப்பா" என்று, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினாய். வெட்டுவதற்கு முன்னாலேயே நரம்பை மரக்க வைத்து, சில நாள் அப்படியே வைத்திருந்தால் இது குறைந்திருக்கும் என்று மயக்க மருந்து டாக்டரிடம் விளக்கினாய். அவர் நல்ல மனுஷர். பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியும் சார், உங்கள அன்னைக்கு உயிரோட வெளிய கொண்டாந்ததே பெரிசு, நேரம் இல்ல" என்றார். நீ யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாய். மெல்லிய குழாய் வழியாக மருந்து விட்டார்கள், வலி அடங்கியது. அன்றைக்கு என்னிடம் நீ பேசியது முழுக்க, இப்படி ஒரு குழாயை நாய்த் தொடையில் எப்படி நிற்க வைப்பது, நாய் கடித்துப் பிடுங்காமல் எங்கே கட்டுவது என்பதுதான். உன் காலைப் பற்றிப் பேசு என்றேன். "அது போச்சு. அதப் பத்தி என்னா பேசறது?" என்றாய்.

விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. நீ வீட்டுக்குத் திரும்பவில்லை.

கோட்டக்குப்பத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஜரீனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுது ஓய்ந்திருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தெருவுல ஒரு நாய் லேசா நொண்டுனாகூட நின்னு பாப்பாருக்கா. எனக்கும் பாத்துப் பாத்து அது வந்துடுச்சு. இவரு நொண்டவே இல்லையேக்கா. ஒரு நாள்கூட நொண்டல. நான் எப்பிடிக்கா கண்டுபிடிப்பேன்?"

நீயும் நானும் ஒரு நாய் எதிர்ச்சாரியில் நடந்து போனாலே எந்தக் கால், எந்த மூட்டு என்று பந்தயம் கட்டுகிறவர்கள். நீ எங்கள் கண் முன்னால் ஓட்டைக் காலோடு நேராக, அழகாக நடந்தாய். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இன்று காலை ஊசியைக் கையில் எடுத்தேன். ஏழுமலையிடம் எந்த ஊர், எதில் வந்தீர்கள் என்று கேட்டேன். தெரிந்தவருடைய குட்டியானையில் வந்திருக்கிறார், இருட்டியதும் அதே வண்டி வரும். வீட்டில் அவரும் நாயும்தான். பெண்டாட்டி இல்லை, மகள் சென்னையில். "ராத்திரி டூட்டி போறப்ப இதுதாம்மா தொணைக்கு வரும்" என்றார். தனி ஆள், ராத்திரி வலியில் கத்துகிற நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? உன் பெட்டியை எடுத்தேன். துளியைச் சேர்த்தேன். எனக்கு பிஸ்மி சொல்லத் தெரியாது, உன் பெயரைச் சொல்லிக்கொண்டேன். பிரவுனியின் பாதம் துள்ளியபோது மல்லிகா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் வேலை செய்திருக்க மாட்டோம்.

எலும்பு ஒழுங்காகச் சேர்ந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நாய் என் மேசையில் முகம் சுளிக்காமல் கண் விழித்தது. தண்ணீர் குடித்தது, வாலை ஆட்டியது, பின்னங்காலைப் பற்றிய கவலையே இல்லாமல் ஏழுமலையின் கையை நக்கியது. அவர் கும்பிட்டார். வண்டிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். கால் உணர்ச்சி வரட்டும், அதுவரை யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றேன். சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். என் முட்டி கழன்றுவிட்டது, நீ எப்படித்தான் அத்தனை நேரம் உட்கார்ந்தாயோ! கிள்ளிப் பார்ப்பதும் காத்திருப்பதுமாக மத்தியானமும் சாயங்காலமும் போயின. விளக்கு வைத்த பிறகு மல்லிகா டீ கொண்டுவந்தாள். ஏழுமலை கையை ஆட்டி மறுத்தார். "சக்கர இல்லாம இருந்தா குடுங்கம்மா. நமக்கு சுகர் கீது, நாலஞ்சு வருசமா."

கொஞ்ச நேரத்தில் பிரவுனி காலை வெடுக்கென்று இழுத்தது. இழுத்ததோடு இல்லாமல் என் கையைக் கடிக்க வந்தது. மல்லிகா கை தட்டினாள். உடனே வலி மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுத்தோம். வாசலில் குட்டியானைக்காரர் ஹாரன் அடித்தார். ஏழுமலை எழுந்து நாயைத் தூக்கக் குனிந்தார்.

"நாயை அப்புறம் தூக்கலாம். செருப்பக் கழட்டிட்டு அந்த பெஞ்சுல உக்காருங்க," என்றேன்.

"எதுக்கும்மா? நாய்க்குத்தான ஆபரேஷன்?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாட்டு டாக்டரு என் காலப் பாத்தாங்கன்னு ஊருல சொன்னா என்னைய எந்தக் கொட்டாய்ல கட்டுவாங்கன்னு தெரியல."

"கண்ண மூடுங்க. கிள்றப்ப சொல்லுங்க, அவ்ளோதான்."

காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார், கண்ணாமூச்சி ஆடுகிறவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்போடு. குதிகாலில் வெடிப்பு, அதன் நடுவில் பிசுபிசுவென்று ஒரு சின்னப் புண். நான் பெருவிரலுக்குப் பக்கத்தில் கிள்ளினேன். அடுத்த விரல் இடுக்கில் கிள்ளினேன். நகம் பதிய இன்னும் அழுத்திக் கிள்ளினேன்.

"ஜல்தி கிள்ளுங்கம்மா," என்றார் ஏழுமலை, கண்ணைத் திறக்காமல். "வண்டிக்காரன் கத்துவான்."

வண்டியை அனுப்பிவிட்டோம். பிரவுனியை மல்லிகா பார்த்துக்கொள்கிறாள். இதை நான் அரசு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். உள்ளே ஏழுமலைக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். எலும்பு வரைக்கும் போகவில்லையாம், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று அந்த இளம் டாக்டர் சொன்னார். ஏழுமலைக்கு இன்னும் என் மேல் கோபம், ராத்திரி டூட்டி போய்விட்டதாம். நடுவில் எழுந்து ஓடிவிடப் போகிறாரே என்று அவருடைய செருப்பை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். உன் செருப்பை ஒருத்தரும் இப்படிப் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லையே என்று நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.